பந்தைத் தொடாத ஐந்து பேரும் ஒரு பி.டி. மாஸ்டரும்

போன நவம்பரில் சித்தி பையன் டெக்சாஸிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. வெளியே நசநசவென்று மழை. சித்தி கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இவன் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிறான். என்னவென்று எட்டிப் பார்த்தால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அங்கே சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிறு விடிகாலை.

அமெரிக்க ஃபுட்பால் என்பது நம்ம ஃபுட்பால் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டை மாதிரி பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் மெத்தை, நாலு செகண்டு ஆட்டம், நாற்பது செகண்டு ஓய்வு. எனக்கு அதில் ஒரு சுவாரசியமும் இருந்ததில்லை. பந்து யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள்.

"நீ பந்தைப் பாக்காதேண்ணா. அந்த அஞ்சு குண்டுப் பசங்களைப் பாரு" என்றான்.

பார்த்தேன். ஆளுக்கு 130, 140 கிலோ இருப்பார்கள். வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் எதிரே வருகிறவன்மேல் மோதி, தள்ளி, முட்டுக் கொடுத்து நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் பின்னால் இருக்கும் ஒல்லிப் பையன் பந்தைத் தூக்கி எறிகிறான். எங்கோ ஒருத்தன் பிடிக்கிறான். ஸ்டேடியம் முழுக்க லட்சம் பேர் எழுந்து நிற்கிறார்கள். இந்த ஐந்து பேரும் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் வந்து குனிந்துகொள்கிறார்கள்.

அஃபென்சிவ் லைன் என்று பெயராம். நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். சென்டர் மட்டும் பந்தைக் காலுக்கு நடுவே பின்னால் கொடுப்பான். அதோடு அவனுக்கும் பந்துக்கும் உறவு முடிந்தது. மற்ற நாலு பேருக்கு அதுவும் கிடையாது. முன்னால் எறியப்படும் பந்தை அவர்கள் பிடிக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதற்காகவே 50லிருந்து 79க்குள் நம்பர் போட்ட சட்டை. யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று நடுவர் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"அவங்க நம்பர் மைக்ல எப்ப வரும் தெரியுமா? எதிராளியைக் கையால இழுத்துப் புடிச்சு ஃபவுல் ஆனா வரும். அப்பதான் ரெஃப்ரீ நம்பரைச் சொல்லிப் பத்து கஜம் பின்னாடி அனுப்புவார். நல்லா ஆடினா யாருக்கும் தெரியாது" என்றான்.

இந்த ஐந்து பேருக்கென்று தனியாக ஒரு கோச் இருக்கிறார். லைன் கோச். தலைமைக் கோச் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், சம்பளம் கோடியில். லைன் கோச்சை அந்தக் காலேஜ் பசங்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவர் உட்கார்ந்து வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் ஒவ்வொருத்தனுக்கும் மார்க் போடுவார். கால் சரியாக வைத்தானா, கை எங்கே இருந்தது, ஆளை விட்டானா என்று. பேப்பரில் வராத கணக்கு அவரிடம் இருக்கும்.

சரி, ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த ஐந்து பேரில் ஒருத்தருக்கும், நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் பார்த்த பி.டி. மாஸ்டருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சுற்றி வளைத்த தொடர்புதான். நடுவில் ஒரு கடல் வேறு. ஆனால் நிஜத் தொடர்பு. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

குனிந்து நின்ற ஒருத்தர்

1890. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. உடற்பயிற்சி சொல்லித்தர ஆட்களைத் தயார் செய்யும் இடம். அந்த வருஷம் அங்கே அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பவர் வந்து ஒரு ஃபுட்பால் டீம் கட்டினார். பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் கோச்சாக இருந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பீஷ்மர் ஆனவர்.

அந்த டீமில் ஸ்டாக் சென்டராக நிறுத்தியது கனடாவிலிருந்து வந்த ஒரு மாணவரை. மாண்ட்ரியலில் இறையியல் படித்துவிட்டு வந்தவர். அப்படியொன்றும் பெரிய உடம்பு இல்லை. ஆனால் வரிசை நடுவில் குனிந்து நின்று இடி வாங்க அவர்தான் சரி என்று ஸ்டாக்குக்குத் தோன்றியிருக்கிறது. இடி வாங்கி வாங்கிக் காது பிய்ந்துவிடாமல் இருக்க அவரே ஒரு தலைக்கவசம் செய்து மாட்டிக்கொண்டார். அமெரிக்க ஃபுட்பாலின் ஆரம்பகால ஹெல்மெட்களில் அதுவும் ஒன்று என்கிறார்கள்.

அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆமாம், பேஸ்கட்பாலைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்!

1891 குளிர்காலம். வெளியே பனி. உள்ளே பதினெட்டு மாணவர்கள் கசரத் பண்ணப் பண்ண வெறுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியின் உடற்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் குலிக், கட்டடத்துக்குள் ஆடுகிற மாதிரி ஏதாவது ஒரு ஆட்டம் யோசி என்கிறார். நெய்ஸ்மித் யோசித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஃபுட்பாலில் ஏன் ஆளை இடித்துத் தள்ளுகிறோம்? ஒருத்தன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், அவனை நிறுத்தியாக வேண்டும். ஓடவே கூடாது என்றால்? இடிக்க வேண்டிய தேவையே இல்லையே! கோலை ஏன் பாய்ந்து தடுக்கிறோம்? அது நம் உயரத்தில் இருக்கிறது, வேகமாக அடித்தால் உள்ளே போய்விடும். கோலைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டால் வேகத்துக்கு வேலை இல்லை, லாகவத்துக்குத்தான் வேலை.

இப்படி 13 விதிகள் எழுதி, பீச் பழக்கூடை இரண்டை மாட்டி, டிசம்பர் மாதம் முதல் ஆட்டத்தை ஆட வைத்தார். நாள் முழுக்க இடி வாங்கிய மனுஷர் இடியே இல்லாத ஒரு ஆட்டத்தை யோசித்திருக்கிறார். வாங்கியவனுக்குத்தானே தெரியும் வலி!

அதே ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் 1895ல் வில்லியம் மார்கன் என்பவர் வாலிபாலைக் கொண்டுவந்தார். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். நம்மூர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் இருக்கும் இரண்டு கம்பங்களும் (வலை கட்டுகிற கம்பம், வளையம் மாட்டுகிற கம்பம்) சுமார் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நாலு வருஷ இடைவெளியில் பிறந்தவை.

நெய்ஸ்மித்தைப் பற்றி இன்னொன்று. பிற்பாடு கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் பேஸ்கட்பால் கோச் ஆனார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்! அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆடுவது முக்கியம், ஜெயிப்பதெல்லாம் அப்புறம் என்று நினைக்கிற ரகம். 1936ல் பெர்லின் ஒலிம்பிக்கில் பேஸ்கட்பால் சேர்ந்தபோது போய்ப் பார்த்தார். 1939ல் காலமானார்.

மெட்ராஸுக்கு வந்தவர்

இப்போது கடலைத் தாண்டுவோம்.

அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியில் பிற்பாடு படித்துத் தேறியவர் ஹாரி க்ரோ பக். பென்சில்வேனியாக்காரர், 1884ல் பிறந்தவர். நெய்ஸ்மித் அங்கிருந்து போய் வெகுகாலம் கழித்து வந்தவர், அவரிடம் நேராகப் படித்தவர் இல்லை. ஆனால் அதே பள்ளி, அதே எண்ணம். 1919ல் ஒய்.எம்.சி.ஏ. அவரை மெட்ராஸுக்கு அனுப்பியது.

அன்றைக்கு நம்ம பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் ட்ரில். சொல்லித்தருகிறவர் ட்ரில் மாஸ்டர். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன். அவருக்குத் தெரிந்தது அதுதான், பாவம். பையன்களை வரிசையாக நிற்க வைப்பதுதான் குறிக்கோள். குரல் பெரிதாக இருந்தால் போதும். விளையாட்டு என்பது வெள்ளைக்காரர்களுக்கும், அவர்களைப் பார்த்து ஆடிய வசதியானவர்களுக்கும்.

வந்த ஆள் என்ன செய்திருக்கலாம்? ஊரில் நாலு நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஒரு டீம் கட்டி, நாலு கோப்பை ஜெயித்து, போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். பக் அதைச் செய்யவில்லை. 1920ல் மெட்ராஸில் உடற்கல்விப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் பள்ளி இல்லை. சொல்லித்தருகிறவர்களைத் தயார் செய்யும் பள்ளி. இந்தியாவிலேயே, அந்த வகையில், பழையது அதுதான். 1930களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டை பக்கம் பெரிய இடத்துக்கு மாறியது. மவுண்ட் ரோட்டில் நந்தனம் வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், சாலையோரம் மரங்களும் பெரிய மைதானமுமாக. ஒய்.எம்.சி.ஏ. கிரவுண்டு என்றால் நமக்குப் புத்தகக் கண்காட்சிதான் ஞாபகம் வரும் :-) அதன் அசல் வேலை இது.

மத்திய அரசு சொந்தமாக உடற்கல்விக் கல்லூரி ஒன்றை குவாலியரில் தொடங்கியது 1957ல். நடுவில் 37 வருஷம். எவ்வளவு முன்னாலேயே இவர் இறங்கியிருக்கிறார் என்று பாருங்கள்.

பாடத்திட்டத்தில் அமெரிக்க ஆட்டங்களை மட்டும் அவர் திணிக்கவில்லை. தண்டால், பஸ்கி மாதிரி நம் உடற்பயிற்சிகளுக்கும் நம் ஊர் ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஊருக்கு ஊர் அவுட்டுக்கு ஒரு அர்த்தம் இருந்தால் இரண்டு ஊர் சேர்ந்து ஆட முடியாது. அடிதடியில்தான் முடியும். பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடமும், ஜில்லாவும் ஜில்லாவும் மோத வேண்டுமென்றால் முதலில் ஒரே விதிப் புத்தகம் வேண்டும்.

1924ல் பாரிஸ் ஒலிம்பிக். அந்த வருஷ ஆரம்பத்தில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் என்று நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான எட்டு தடகள வீரர்களோடு மேலாளராகப் போனவர் பக். அந்த எட்டுப் பேரில் ஒருவர் 110 மீட்டர் தடை ஓட்டக்காரர் சி.கே. லட்சுமணன், கண்ணூர்க்காரர். பதக்கம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் பக் பெயரும் கொஞ்சம் வெளியே தெரிந்திருக்கும். 1927ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தலைவர் தொராப்ஜி டாடா, செயலாளர் ஏ.ஜி. நோரன். அவரும் ஒய்.எம்.சி.ஏ. ஆள்தான். 1928ல் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கித் தங்கம். அதிலிருந்துதான் நம் விளையாட்டுச் சரித்திரமே எல்லாருக்கும் ஆரம்பிக்கிறது. தியான் சந்த் பெயர் தெரியாத ஆள் உண்டா? அதற்கு நாலு வருஷம் முன்னால் பெட்டி படுக்கையோடு எட்டுப் பேரைக் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு போனவரை யாருக்குத் தெரியும்?

1943ல் பக் காலமானார். வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் இருபத்துநாலு வருஷம். அத்தனையும் இந்த ஒரே வேலைக்குப் போய்விட்டது. பந்தை வைத்திருப்பவன் ஓடுவதற்கு வழி பண்ணிக்கொடுக்கிற வேலை.

நம்ம ஊருக்கு வருவோம்

மெட்ராஸில் படித்து முடித்தவர்கள் என்ன செய்வார்கள்? வேலை கிடைக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். திருச்சி பள்ளிக்கூடங்களும் காலேஜுகளும் நிறைந்த ஊர். செயின்ட் ஜோசப் காலேஜ் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது 1883ல். நேஷனல் காலேஜ் 1919ல், அதாவது பக் மெட்ராஸுக்கு வந்த அதே வருஷம். ரயில்வே பணிமனையும் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்து 1928ல் நிலைகொண்டது. ரயில்வே வந்தால் கூடவே மைதானம் வரும், டீம் வரும், நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்ற பேச்சும் வரும். நடுத்தர வர்க்கத்து அப்பாக்கள் விளையாட்டை மன்னிக்க அந்தப் பேச்சு ஒன்றுதான் காரணம் :-)

ட்ரில் மாஸ்டர் என்ற வார்த்தை மெல்ல மறைந்து பி.டி. மாஸ்டர் ஆனது. அப்புறம் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் தாத்தா கடைசி வரைக்கும் 'ட்ரில் வாத்தியார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் விளையாட்டு என்றால் எல்லாருக்கும் சுஜாதா எழுதிய கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் கிரிக்கெட்டுக்கு மாஸ்டர் தேவையில்லை, ஒரு மட்டையும் உடைவதற்கு நாலு ஜன்னலும் போதும். ஆனால் வாலிபால், கபடி, பேஸ்கட்பால், ஓட்டம், தாண்டல் எல்லாம் பி.டி. மாஸ்டர் வழியாக வந்தவை. கம்பம் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையைக் கட்டி, யாராவது ஒருத்தர் விசிலோடு நின்றால்தான் அவை நடக்கும்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எண்பதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் திட்டப் போகிறேன். எங்கள் பி.டி. சார் சைதாப்பேட்டையில் ட்ரெயினிங் முடித்தவர். நாலரை மணிக்கு மேல் வாலிபால் சொல்லிக்கொடுப்பார். நான் அப்போதே குட்டை. வலைக்கு மேல் கை எட்டாது. அதனால் என்னை லிஃப்டர் ஆக்கினார்.

வாலிபால் ஆடாதவர்களுக்கு: எதிர்ப்பக்கம் இருந்து வரும் பந்தை ஒருத்தன் எடுத்துக்கொடுப்பான், லிஃப்டர் அதை வலையோரமாக உயரத் தூக்கிக்கொடுப்பான், உயரமானவன் எகிறி அடிப்பான். கைதட்டல் அடிக்கிறவனுக்கு. லிஃப்டர் சரியாகத் தூக்காவிட்டால் திட்டு லிஃப்டருக்கு. கிட்டத்தட்ட அந்த ஐந்து குண்டுப் பசங்களின் ஜாதகம்தான்.

ஒரு வருஷம் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதி ஜெயித்தோம். அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற டீமுக்குத்தான் பாயிண்ட், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. எங்கள் ஸ்மாஷர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. பதினைந்து வயசு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தார், மளிகைக் கணக்கு எழுதுகிற சைஸ். திறந்து காட்டினார். ஆறு பேர் பெயரும், எதிரே பென்சிலில் கோடு கோடாக. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.

"இது நீ நேத்து தூக்கிக் குடுத்தது. நாப்பத்தொண்ணு. இதுல முப்பத்தாறு சரியான இடத்துக்குப் போச்சு. அவன் அடிச்சதுல எத்தனை வெளிய போச்சுன்னு பாக்கிறியாடா?"

பார்த்தேன். நிறைய வெளியே போயிருந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது :-)

"பேப்பர்காரன் பந்தைப் பாத்து எழுதுவான். அவன் வேலை அது. நான் பாத்துக்கிட்டிருக்கேன், போ" என்றார்.

சித்தி பையன் லைன் கோச் மார்க் போடும் கதையைச் சொன்னபோது எனக்கு இந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவே.

சாருக்கு நோட்டு போட்டது யார்?

இப்போது திட்டுகிறேன்.

பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கள் பி.டி. பீரியட் போனது. கணக்குக்கும் சயன்ஸுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சார் மைதானத்து மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். காலை பிரேயரில் சத்தம் போடும் பையனை அதட்டுவது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் தயார் செய்வது, லேட்டாக வருகிறவர்களை வாசலில் நிறுத்துவது, இதெல்லாம் அவர் வேலை ஆனது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் சத்தமாகக் கேட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். மைக்கில் நம்பர் சொல்கிற மாதிரி. பட்டாள ட்ரில் மாஸ்டரை மாற்றத்தான் ஒருத்தர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார். நாம் திரும்பவும் அவரை ட்ரில் மாஸ்டர் ஆக்கிவிட்டோம்.

இது என் ஒரு பள்ளிக்கூடத்துக் கதை மட்டும் இல்லை. இந்த நாட்டில் ஆட்டக்காரர்களுக்கு அர்ஜுனா விருது ஆரம்பித்தது 1961ல். முதல் பட்டியலிலேயே வாலிபாலுக்கு ஏ. பழனிசாமி இருக்கிறார். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான துரோணாச்சார்யா விருது 1985ல்தான் வந்தது. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் முதல் வருஷம் வாங்கியவர்களில் ஒருவர். அர்ஜுனனைக் கண்டுகொண்டு 24 வருஷம் கழித்துத்தான் துரோணர் என்று ஒருத்தர் இருப்பதே நமக்கு ஞாபகம் வந்திருக்கிறது! மகாபாரதத்தையே தலைகீழாகப் படித்த மாதிரி.

தமிழ்நாட்டில் 2012ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் என்று சுமார் 16,500 பேரை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், கம்ப்யூட்டர் இதற்கெல்லாம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு படிப்படியாகக் கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகப் போராடியதைப் பேப்பரில் சின்னச் சின்னப் பெட்டிச் செய்தியாகப் பார்த்திருப்பீர்கள். வாரம் மூன்று அரை நாளில் எந்தப் பையனுக்கு எத்தனை கோடு போட முடியும்?

இவ்வளவுக்கு நடுவிலும் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 30. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் இரண்டு பேர் நம்ம திருச்சி ஜில்லா. லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், திருச்சி சுபா வெங்கடேசன். மூன்றாவது மதுரை ரேவதி வீரமணி. தகுதிச் சுற்றோடு முடிந்துவிட்டது, 3 நிமிடம் 19.93 விநாடி. அதனால் என்ன?

ரேவதியின் கதை படித்திருப்பீர்கள். அப்பா அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டார்கள், பாட்டி கூலி வேலை செய்து வளர்த்தது, செருப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை ஒரு போட்டியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, காலேஜில் இடம் வாங்கிக்கொடுத்து, ஷூ வாங்கிக்கொடுத்தவர் மதுரையில் கோச் கண்ணன். டோக்கியோவில் டி.வி.யில் ஓட்டக்காரர்கள் நாலு பேர் பெயர் வந்தது. பாட்டி பெயரும் பேப்பரில் வந்தது. ரொம்ப நல்ல விஷயம். கண்ணன் பெயர் கட்டுரையின் ஆறாவது பாராவில் வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நெய்ஸ்மித்துக்கு உலகம் முழுக்க ஆடுகிற ஒரு ஆட்டம் இருக்கிறது. பக்குக்கு நந்தனத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. எங்கள் சாருக்கு? அவர் ரிடையர் ஆன வருஷம் நான் வெளியூரில் இருந்தேன். அவர் போய்விட்ட செய்தி கிடைத்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த நோட்டுகள் எல்லாம் என்ன ஆயிற்று என்று அவர் வீட்டில் கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். கேட்கவில்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும். எத்தனை பையன்களின் எத்தனை கோடுகள்!

அன்றைக்கு அந்த ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். கடைசிவரை பந்தைப் பார்க்கவில்லை. ஐந்து பேரில் 60களில் ஏதோ நம்பர் போட்ட பையன் ஒருத்தன், அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட எழுபது தடவை குனிந்தான், எழுபது தடவை மோதினான். அவன் நம்பர் மைக்கில் ஒரு தடவைகூட வரவில்லை. "பிரமாதமா ஆடினாண்டா" என்றேன். சித்தி பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மக்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் பி.டி. மாஸ்டரைப் பற்றிப் பின்னூட்டத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள். என்ன ஆட்டம் சொல்லிக்கொடுத்தார், எப்படித் திட்டுவார், விசில் எப்படி ஊதுவார், எதுவானாலும் சரி. தனிப் பதிவாகவே போட்டால் இன்னும் சந்தோஷம், சுட்டி மட்டும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நமக்குப் போட்ட கோடுகளுக்குப் பதிலாக நாம் ஆளுக்கொரு கோடாவது போடுவோமே.

டிஸ்கி: கணக்கு வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தொன்றில் முப்பத்தாறு எத்தனை சதவீதம் என்று போட நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். 87.8. இப்பத்தான் போட்டுப் பார்த்தேன் :-)